அலோ சார் மைக் பிடிக்காத கல்யாணம்

நிகழ்ச்சித் தொகுப்பாளர் என்றொரு பிறவி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. ஏனென்றால் நீங்கள் யாரைப் பார்க்கலாம் என்று கூட்டத்துக்குப் போனீர்களோ, அவரை மறைத்துக்கொண்டு நின்றவர் இவர்தான்.

கூலி வாங்கிக்கொண்டு தொழிலாகச் செய்கிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் பாவம், வருகிறார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்கிறார்கள், அடுத்த மண்டபத்துக்கு ஓடுகிறார்கள். நான் சொல்வது தானாக முளைக்கிற இனத்தை. யாரும் அழைத்திருக்க மாட்டார்கள், யாரும் நியமித்திருக்க மாட்டார்கள். ஆனால் மேடை போட்டு, நாற்காலிகளை விரித்து, மைக்கைக் கம்பத்தில் பொருத்திவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். மைக்கோடு சேர்த்து வாடகைக்கு வந்தவரோ என்று தோன்றும்.

எங்கள் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் அந்த இனத்துக்கு ஒரு பிரதிநிதி இருந்தார். மீட்டர் பிரிவின் கண்காணிப்பாளர். எனக்குப் பக்கத்து மேஜை. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது; மற்றபடி கடைநிலை ஊழியர் முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவர் ‘அலோ சார்’தான். எந்த மைக்கைக் கண்டாலும் விரலால் ‘டொப் டொப்’ என்று தட்டி, “அலோ... அலோ... செக்... அலோ...” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மைக் நன்றாக வேலை செய்தாலும் சொல்வார். வேலை செய்கிறது என்று சவுண்ட் சர்வீஸ்காரர் சத்தியம் செய்தாலும் சொல்வார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, பாவம், “வணக்கம் சார், சொல்லுங்க சார்” என்று பதில் சொல்லிவிட்டாள்.

அலோ சாரிடம் ஒரு கூட்டத்தை ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்கிறீர்களா? உதாரணத்துக்கு, தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேச ஒரு பேராசிரியரை அழைத்திருந்தோம். “அடுத்ததாக நம்மிடையே உரையாற்ற வருபவர் அறிமுகமே தேவையில்லாதவர்” என்று ஆரம்பித்தார் அலோ சார். அறிமுகம் தேவையில்லாதவரை, அவர் படித்த தொடக்கப் பள்ளியிலிருந்து கைப்பிடித்து அழைத்து வந்து, பட்டங்களை அடுக்கி, மனைவி மக்களை விசாரித்து, “அப்படிப்பட்ட பேராசிரியர் இப்போது தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசப்போகிறார், தண்ணீர்ச் சிக்கனம் என்றால் என்ன?” என்று ஒரு கேள்வியைப் போட்டு, அந்தக் கேள்விக்கு வேறு யாரும் பதில் சொல்லிவிடாதபடி தானே முழுப் பதிலையும் சொல்லி முடித்தபோது, பேராசிரியர் தமக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடித்துத் தீர்த்திருந்தார். “எனக்கு முன்னால் பேசியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், வணக்கம்” என்று இறங்கிவிட்டார். விடுவாரா இவர்? “பேராசிரியர் மிக அழகாகச் சொன்னார்கள்” என்று, பேராசிரியர் சொல்லாத உரைக்கு ஒரு தொகுப்புரையும் கொடுத்தார்.

கைதட்டலை அவர் கேட்டுத்தான் வாங்குவார். “பத்தாது, பத்தாது! அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு என்ன, கையில சுளுக்கா?” என்பார். பணி ஓய்வு பெறுகிற பண்டகக் காப்பாளரை வழியனுப்பும்போது, “இத்தனை காலம் கிடங்கின் பூட்டைத் திறந்தவர், இன்று நம் நெஞ்சின் பூட்டை உடைத்துவிட்டுப் போகிறார்!” என்றார். திருட்டுக் குற்றம் சாட்டுகிறாரோ என்று அந்த மனிதர் ஒரு கணம் முகம் வெளுத்துப்போனார்.

இரங்கல் கூட்டத்துக்காவது அவரைத் தவிர்க்கலாம் என்று பார்த்தோம். நடக்குமா? எங்கள் பழைய இயக்குநர் இறந்தபோது, “இந்த இனிய மாலைப் பொழுதிலே” என்று தொடங்கியவர், சட்டென்று சுதாரித்துக்கொண்டு, “இனிய மனிதரை இழந்த மாலைப் பொழுதிலே” என்று சமாளித்தார். அதுகூடப் பரவாயில்லை. எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். ஒரு கூட்டமே வாயை மூடிக்கொண்டு நிற்க, பக்கத்தில் மைக் உயிரோடு இருக்க, அலோ சார் தவித்த தவிப்பு இருக்கிறதே! கடைசியில் பொறுக்க மாட்டாமல் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்: “மௌனமாக நிற்கிறோம்... தலை குனிந்து நிற்கிறோம்... தொடர்ந்து மௌனமாகவே நின்றுகொண்டிருக்கிறோம்...” கிரிக்கெட் வர்ணனை தோற்றது.

வீட்டில் எப்படி என்று கேட்டால், அங்கே அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். நாள் முழுக்க விரலை உதட்டில் வைத்து ‘உஷ்’ சொல்லியே பழகியவர். ஒருமுறை அவர்கள் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது, “அடுத்ததாக நம் இல்லத்தரசி அவர்கள் நமக்கெல்லாம் தண்ணீர் வழங்குவார்கள்” என்றார் இவர். உள்ளேயிருந்து பதில் வந்தது: “தொகுத்தது போதும். நீங்களே எழுந்து மொண்டுட்டு வாங்க.”

ஒரே மகள். அந்தப் பெண்ணை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் பையனும் அவளும் ஒரே பள்ளி. அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் மழையைப் பற்றி அவள் ஒரு சின்னக் கவிதை சொல்வதாக இருந்தது. பத்தே வரி. வாரக்கணக்கில் பயிற்சி. விழாவைத் தொகுத்து வழங்கியது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “அடுத்து வருவது என் செல்ல மகள்” என்று தொடங்கியவருக்குப் பாசம் பொங்கிவிட்டது. மழை என்றால் என்ன, மகள் என்றால் என்ன, மழையும் மகளும் எப்படி ஒன்று என்றெல்லாம் விளக்கி, “அவள் சொல்லப்போவதைக் கேளுங்கள்” என்று அந்தப் பத்து வரியையும் ஏற்ற இறக்கத்தோடு தாமே சொல்லி முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்தார். குழந்தை நின்றது. மைக்கைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. அதற்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. உதடு பிதுங்க, மேடையை விட்டு இறங்கி ஓடி அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. “கூச்சம்!” என்று மைக்கில் விளக்கம் கொடுத்தார் அலோ சார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்த மேடையிலும் வாயைத் திறந்ததில்லை. நன்றாகப் படித்தாள். பல் மருத்துவரானாள். ஊரில் உள்ளவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற தொழில். வீட்டில் ஒருவரிடம் மட்டும் அதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணம் நிச்சயமான அன்று சாயங்காலம் அதைச் சொல்லியும் விட்டாள்.

“அப்பா, ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது.”

“கேளும்மா. நகையா?”

“நகையெல்லாம் வேண்டாம். வரவேற்பு அன்னைக்கு நீங்க மைக்கைத் தொடக் கூடாது.”

அலோ சார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “நீ சொல்லிக் குடுத்தியா?”

“சொல்லிக் கேக்கிற ஆளா இருந்தா நான் எப்பவோ உங்ககிட்டயே சொல்லியிருக்க மாட்டேனா?”

“ஒரு வரவேற்புரை கூடவா வேண்டாம்?”

“வேண்டாம்.”

“நன்றியுரை?”

“அப்பா! மைக்கே வேண்டாம்னு மண்டபத்துல சொல்லியாச்சு. பாட்டு மெதுவா ஓடும். வர்றவங்க வருவாங்க, வாழ்த்துவாங்க, வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போவாங்க. எனக்காக இது ஒண்ணு. ப்ளீஸ்.”

மகள் ‘எனக்காக’ என்று கேட்டால் எந்தத் தகப்பன் மறுப்பான்? சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் தேநீர் வேளையில் என்னிடம் கண் கலங்கினார். “ஊமையாக்கிட்டா சார், பெத்த தகப்பனை. மாப்பிள்ளை வீட்டுல பேச ஆரம்பிச்சதிலேர்ந்தே, மூணு வாரமா குளியலறைல சொல்லிச் சொல்லிப் பாத்து வெச்சிருக்கேன். அவ பொறந்த அன்னைக்கு ஆரம்பிச்சு, அவ முதல் முதல்ல பல்லு புடுங்கின வரைக்கும். அத்தனையும் உள்ளேயே நிக்குது.”

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி மட்டும் அவருக்குப் பரம திருப்தி. மாப்பிள்ளையின் அப்பா பேருந்துப் பணிமனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “என்ன அடக்கம் சார், என்ன பொறுமை! பேச்சு வார்த்தைக்கு வந்த அன்னைக்கு, வந்ததிலேர்ந்து போற வரைக்கும் வாயே திறக்கலை. தலையை மட்டும்தான் ஆட்டினார்.” அவர் வாயைத் திறக்க இவர் இடம் கொடுத்தாரா என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வரவேற்பு நாளும் வந்தது. வாசலில் அலோ சார் வாயை இறுக மூடிக்கொண்டு கைகளைக் குவித்து நின்றார். சம்பந்தி வண்டியிலிருந்து இறங்கினார். கூடவே, சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றும் இறங்கியது. மரியாதை தெரிந்த மனிதரான அலோ சார் ஓடிப்போய் அதைத் தாமே இழுத்து வந்தார்.

“என்ன சம்பந்தி, இவ்ளோ கனம்? துணிமணியா?”

“நம்ம சாமான்தான்” என்று புன்னகைத்தார் சம்பந்தி.

மணமக்கள் மேடையில் நின்றார்கள். பரிசுப் பொட்டலங்களோடு வரிசை மெதுவாக நகர்ந்தது. பாட்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது வரிசையில் அலோ சார், ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அவர் மனைவி. அந்த அம்மாள் முன்னெச்சரிக்கையாகக் கணவரின் சட்டை நுனியைப் பிடித்து வைத்திருந்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, மண்டபமே அதிர ஒரு குரல் கேட்டது.

“அலோ... அலோ... மைக் டெஸ்ட்டிங்...”

எங்கள் அலுவலகம் மொத்தமும் திரும்பி அலோ சாரைப் பார்த்தது. மேடையிலிருந்து மகள் பார்த்த பார்வையில் ஒரு பல்லே விழுந்திருக்கும். அலோ சார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டில், இன்னொரு கையில் ஒன்றுமில்லை. பிறகுதான் எல்லோரும் மேடையின் இடது மூலையைப் பார்த்தோம். கறுப்புப் பெட்டி திறந்திருந்தது. அதற்குள் இருந்தது சொந்த ஒலிபெருக்கி. அதன் பக்கத்தில், சொந்த மைக்கோடு, சம்பந்தி.

“நேரத்தின் அருமை கருதி,” என்று தொடங்கினார் சம்பந்தி.

வரிசை நின்றது. மனிதர் தம் குடியிருப்போர் சங்கத்துக்குப் பல வருடங்களாகச் செயலாளராம்; அங்கே எந்தக் கூட்டமானாலும் இவர்தானாம். மகன் பிறந்தது, சைக்கிள் கற்றது, விழுந்தது, தையல் போட்டது எல்லாம் வரிசையாக வந்தன. அப்புறம், “மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு வார்த்தை” என்று ஒருவரை ஏற்றினார். பெரியப்பாவை ஏற்றினார். பணிமனையில் கூட வேலை பார்த்த நண்பரை ஏற்றினார். ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தைதான் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னாலும் பின்னாலும் சம்பந்தி பேசினார்.

அலோ சாருக்கு முதலில் தொழில் பார்வைதான் வந்தது. “மைக்கை வாய்க்கு அவ்ளோ பக்கத்துல வெக்கக் கூடாது சார். ‘ப’ வர்ற இடமெல்லாம் எப்படி வெடிக்குது பாருங்க” என்று முணுமுணுத்தார். பிறகு நாற்காலியில் புரண்டு உட்கார்ந்தார். பிறகு வாசலைப் பார்த்தார். சமையல் மேஸ்திரி தோளில் துண்டோடு வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, முறைத்துவிட்டு உள்ளே போனார். முன் வரிசையில் ஒரு பெரியவர், சாப்பிட்ட கையோடு போட வேண்டிய மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குழந்தைகள் நாற்காலிகளில் தொங்கித் தூங்கின. பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் நின்ற ஒரு அம்மாள் அதன் மேலேயே தலையைச் சாய்த்திருந்தார். எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, அலோ சார் என் பக்கம் சாய்ந்தார். குரலே எழும்பவில்லை.

“சார்... நான் பேசறப்பவும் இப்படித்தான் இருக்குமா?”

நான் என்ன பதில் சொல்வது? பக்கத்து மேஜைக்காரர், திங்கட்கிழமை முகத்தில் விழிக்க வேண்டும்.

“நீங்க ‘ப’வை வெடிக்க விட மாட்டீங்க சார்” என்றேன்.

அவர் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

இதற்குள் சம்பந்தி மருமகளுக்கு வந்திருந்தார். “எங்கள் மருமகள் சிறந்த கண் மருத்துவர்” என்றார். “பல்லுப்பா, பல்லு” என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினார். “பல்லோ கண்ணோ, எல்லாம் முகத்தில்தானே இருக்கிறது!” என்று சமாளித்து, அதற்கும் கைதட்டல் கேட்டு வாங்கினார். வாங்கிய சூட்டில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

“இப்போது நம் மருமகள் தம் இனிய குரலில் ஒரு பாடலைப் பாடுவார்!”

“அப்பா, போதும்பா” என்றார் மாப்பிள்ளை.

“பாருங்கள், என் மகனுக்கு வெட்கத்தை!” என்று அது மைக்கில் வந்தது. “எங்கே, எல்லோரும் கைதட்டி உற்சாகப்படுத்துங்கள்!” என்று மைக்கை மருமகளின் வாய்க்கு நேராக நீட்டினார்.

அந்தப் பெண் மைக்கைப் பார்த்தாள். கூட்டம் தட்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் சிவந்து, உதடு லேசாகப் பிதுங்கியது. பிறகு நாலாவது வரிசையில் அப்பாவைப் பார்த்தாள்.

அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒன்பது வயதில் இதே முகத்தை மேடையில் பார்த்து, ‘கூச்சம்’ என்று ஊருக்கு விளக்கம் சொன்ன மனிதர். இந்தத் தடவை அவருக்கு விளக்கம் எதுவும் வரவில்லை. எழப்போனவர் பாதியில் நின்றார்.

“தொட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்” என்றார் மனைவியிடம், குழந்தை மாதிரி.

அந்த அம்மாள் சட்டை நுனியை விட்டார். “யாருக்குக் குடுத்தீங்களோ அவகிட்டதானே போறீங்க? போங்க.”

மேடையேறினார். மைக் பிடித்தவன் கையிலிருந்து மைக்கை வாங்குவது சாமானியக் காரியமில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டையும் படிப்பான். மணியடித்தால் அந்த மணியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வான். அவன் தானாகவே மைக்கைக் கொடுக்கிற தருணம் ஒன்றே ஒன்று. அது அதே இனத்தைச் சேர்ந்த இன்னொருவனுக்குத்தான் தெரியும். அலோ சார் சம்பந்தியின் காதருகே குனிந்து சொன்னார்:

“சம்பந்தி, உங்களைப் பத்தி நான் ரெண்டு வார்த்தை பேசணும்.”

மைக் அந்த நொடியே கை மாறியது. சம்பந்தி தோள் துண்டைச் சரி செய்துகொண்டு, பாராட்டைக் கேட்கத் தோதாகத் தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார்.

எங்கள் அலுவலகம் மொத்தமும் மூச்சுவிட்டது. அப்புறம் மைக் யார் கையில் இருக்கிறது என்று உறைத்ததும் விட்ட மூச்சை மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அலோ சார் மைக்கைப் பார்த்தார். மூன்று வார உரை தொண்டை வரைக்கும் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. மைக்கைத் தட்டவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

“என் பொண்ணுக்குப் பாட வராது. சாப்பாடு ஆறுது. எல்லாரும் எழுந்து வாங்க.”

அவ்வளவுதான். குனிந்து பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். சம்பந்தியை விட்டால், அது எந்தப் பக்கம் இருக்கும் என்று தேடாமல் அணைக்கத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான்.

ஒரு நிகழ்ச்சியைத் திறம்பட நடத்துவது எப்படி என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கிறார்களே, அவர்கள் யாராவது அன்று வந்திருக்க வேண்டும். கூட்டம் எழுந்த வேகத்தில் இரண்டு நாற்காலி உடைந்தது. மாத்திரைப் பெரியவர் எல்லோருக்கும் முன்னால் போனார்.

“என்னைப் பத்தி ரெண்டு வார்த்தைன்னீங்களே, சம்பந்தி?” என்று பின்னாலேயே வந்தார் மாப்பிள்ளையின் அப்பா.

“உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தைல முடிக்க முடியுமா, சம்பந்தி?” என்றார் அலோ சார். சம்பந்தி குளிர்ந்துபோனார்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, காலி மேஜைகளுக்கு நடுவே அலோ சார் தனியாக உட்கார்ந்திருந்தார். மகள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். நான் கைகழுவும் இடத்தில் நின்றிருந்தேன், காதில் விழுந்தது.

“மூணு வாரமா குளியலறைல என்னவோ சொல்லிப் பாத்தீங்களாமே? அம்மா சொன்னாங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

“இப்பச் சொல்லுங்க. எனக்கு மட்டும்.”

அலோ சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் சரி செய்துகொண்டார். “நீ பொறந்த அன்னைக்கு...” என்றார். நின்றுவிட்டது. மறுபடியும், “நீ பொறந்த அன்னைக்கு, நர்ஸ் வந்து...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் தடுமாறாத நாக்கு ஒரு ஆளுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “போதும்ப்பா, கேட்டுட்டேன்” என்றாள்.

அத்தோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு. ஒன்றரை மாதம் தாக்குப் பிடித்தார். அதற்குப் பிறகு ஓட்டுநர் ஒருவரின் பிரிவுபசாரத்தில், “சாலையின் வளைவுகளை அறிந்தவர், வாழ்வின் வளைவுகளையும்...” என்று ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் ஒருமுறை நிறுத்திக் கூட்டத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார். யாரோ ஒருவர் கொட்டாவி விடுவதைக் கண்டதும் இரண்டு பத்தியை விழுங்கிவிட்டு ஓட்டுநரையே கூப்பிட்டுப் பேசச் சொன்னார். சம்பந்தியும் அவரும் இப்போது உயிர் நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். இரண்டு வீட்டிலும் மனைவிமார்கள் அந்த நேரத்தில் நிம்மதியாக இருக்கிறார்களாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த யாரையோ நினைத்துச் சிரிக்கிறீர்கள், இல்லையா? பெரியப்பாவையா? மேலதிகாரியையா? சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வியாதிக்கு மைக் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. போன வாரம் குடும்பத்தோடு படம் பிடித்துக்கொண்டபோது, “உயரமானவங்க பின்னாடி போங்க, சித்தி கொஞ்சம் சிரிங்க, அந்தக் குழந்தையை இந்தப் பக்கம் விடுங்க” என்று குரல் கொடுத்தது யார்? நண்பர் ஒரு நகைச்சுவை சொல்ல வாயெடுத்ததும், “இது ரொம்ப நல்லா இருக்கும், கேளுங்க, கடைசில அந்த ஆளு...” என்று முடிவைச் சொல்லிக் கெடுத்தது யார்? விருந்தாளிகளை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்கிறேன் என்று இரண்டு பேர் கதையையும் தாமே சொல்லி, அவர்களுக்குப் பேச எதுவும் இல்லாமல் செய்தது யார்?

“சேச்சே, நான் அப்படியெல்லாம் இல்லை” என்று சொல்லத் தோன்றுகிறதா? தாராளமாகச் சொல்லுங்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு எழுந்து நிற்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.